மருந்தேறும் நாளில் பிடித்த உணவு வேண்டாம்

கீமோ சிகிச்சைக்கு வரும் நோயாளியுடன் ஒரு தூக்குச்சட்டியும் வருவது நம் பகுதியின் வழக்கம். கூடலூரிலிருந்தும் கம்பத்திலிருந்தும் வருசநாட்டு மலையடிவாரத்திலிருந்தும் முதல் பேருந்தைப் பிடித்து வருவோர், விடியுமுன் எழுந்து சமைத்து எடுத்து வருகின்றனர். நோயாளிக்கு எது மிகவும் பிடிக்குமோ அதுவே அந்தத் தூக்கில் இருக்கும். நாட்டுக்கோழிக் குழம்போ, நெத்திலிக் கருவாடோ, நெய்யூற்றிய பருப்புச் சோறோ, பை நிறையப் பன்னீர் திராட்சையோ வந்து சேரும். "இன்றைக்குத் தெம்பு வேண்டும், பிடித்ததைச் சாப்பிடட்டும்" என்பது குடும்பத்தாரின் எண்ணம். அந்த அன்பைக் குறைகூற எவருக்கும் மனம் வராது. ஆயினும் இவ்வழக்கம் கைவிடப்பட வேண்டும் என்பதே என் கருத்து. அதற்கான காரணம் மூளை கற்றுக்கொள்ளும் முறையில் இருக்கிறது.

இரண்டாம் அல்லது மூன்றாம் சுற்று மருந்துக்குப் பிறகு பல வீடுகளில் ஒரே காட்சியைக் கேள்விப்படுகிறோம். ஆசையாகக் கோழிக்குழம்பு வைத்துக் கொடுத்தால், வாசனை பட்டவுடனேயே நோயாளி முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். "போன மாதம்வரை விரும்பிச் சாப்பிட்டவர்தானே, இப்போது என்ன பிகு?" என்று மகன் சலித்துக்கொள்கிறார். "நான் சமைத்தால் மட்டும் பிடிக்கவில்லை" என்று மருமகள் கண்கலங்குகிறார். சாப்பாட்டுத் தட்டின் முன் பகை மூள்கிறது. உண்மையில் அங்கே பிகுவும் இல்லை, வெறுப்பும் இல்லை. அந்த நோயாளியின் மூளை, குமட்டலுக்குக் காரணம் கோழிக்குழம்புதான் என்று முடிவு கட்டிவிட்டது. நரம்பில் ஏறிய மருந்துதான் குமட்டலைத் தந்தது என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் பயனில்லை.

இந்த விந்தையை முதலில் தெளிவாகக் காட்டியவர் ஜான் கார்சியா என்னும் அமெரிக்க உளவியலாளர். ஸ்பெயினிலிருந்து குடியேறிய தோட்டத் தொழிலாளர்களின் மகன். சான்பிரான்சிஸ்கோவில் கடற்படையின் கதிர்வீச்சு ஆய்வகத்தில் பணியாற்றியபோது, சாக்கரின் கலந்த இனிப்பு நீரைக் குடித்த எலிகளின்மேல் காமாக் கதிரைச் செலுத்தினார். கதிர்வீச்சால் உடல்நலம் குன்றிய அவ்வெலிகள், அதன்பின் அந்த இனிப்பு நீரை ஒதுக்கத் தொடங்கின. 1955ஆம் ஆண்டு இக்கண்டுபிடிப்பு வெளியாயிற்று. 1966இல் கோலிங் என்பவருடன் சேர்ந்து அவர் செய்த மற்றொரு சோதனை இன்னும் கூர்மையானது. எலிகள் சுவையூட்டிய நீரைக் குடிக்கும்போதெல்லாம் விளக்கு மின்னி ஒலியும் எழுமாறு அமைத்தார். பின்னர் ஒரு பகுதி எலிகளுக்குக் குமட்டலும், மற்றொரு பகுதிக்குக் காலில் மின்னதிர்ச்சியும் தரப்பட்டன. குமட்டல் கண்ட எலிகள் சுவையை வெறுத்தன, ஆனால் ஒளியையும் ஒலியையும் பொருட்படுத்தவில்லை. மின்னதிர்ச்சி பெற்றவையோ ஒளிக்கும் ஒலிக்கும் அஞ்சின, சுவையைப் பற்றிக் கவலைப்படவில்லை. வயிற்றுத் துன்பத்துக்கு வாய்வழி வந்ததைச் சந்தேகி. தோலில் பட்ட வலிக்குக் கண்ணும் காதும் கண்டதைச் சந்தேகி. இப்படியொரு கணக்கு பிறவியிலேயே மூளைக்குள் எழுதப்பட்டிருக்கிறது.

அக்காலத்து உளவியலாளர் பலர் இதை எளிதில் ஏற்கவில்லை. மணியடித்தவுடன் உணவு தந்தால்தான் நாய் கற்கும், இடையில் நேரம் கடந்தால் கற்காது என்பதே பாவ்லோவ் காலத்திலிருந்து வந்த பாடம். சுவை வெறுப்போ, உண்டதற்கும் குமட்டலுக்கும் இடையே சில மணி நேரம் கடந்தாலும் பதிந்துவிடுகிறது. பலமுறை பயிலவும் தேவையில்லை, ஒரே முறை போதும். காட்டில் ஒரு நச்சுக்காயைத் தின்று பிழைத்த உயிரினத்துக்கு, அதே பாடத்தைக் கற்க இரண்டாம் வாய்ப்பு கிடைக்காமல் போகலாம் அல்லவா? இயற்கை இவ்விடத்தில் அவசரப்பட்டதில் நியாயம் இருக்கிறது.

மூளையில் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நாவிலிருந்து கிளம்பும் சுவைச் செய்தி முதலில் முகுளத்தை அடைகிறது. வயிற்றிலிருந்தும் குடலிலிருந்தும் வேகஸ் நரம்பு கொண்டுவரும் செய்தியும் அங்கேயே வந்து சேர்கிறது. அதற்கு அருகில் இரத்தத்திலுள்ள நச்சை மோப்பம் பிடிக்கும் ஒரு சிறு பகுதி உண்டு. மூளையின் பிற பகுதிகளைக் காக்கும் தடுப்பு அதற்கு இல்லை. எனவே இரத்தத்தில் கலந்த கீமோ மருந்தை அது நேரடியாக உணர்ந்து, வாந்தியைத் தூண்டுகிறது. சுவையும் குமட்டலும் அடுத்தடுத்த வாசல்களில் நுழைந்து, இன்சுலா எனப்படும் சுவைப் புறணியிலும் பாதாம் பருப்பின் வடிவிலுள்ள அமிக்டலாவிலும் ஒன்றோடொன்று முடிச்சிடப்படுகின்றன. இந்த முடிச்சு நம் அறிவின் அனுமதியைக் கேட்பதில்லை. மார்ட்டின் செலிக்மன் என்னும் உளவியலாளர் இறைச்சியும் அதன்மேல் ஊற்றிய ஒரு பிரெஞ்சுச் சாறும் உண்ட இரவில் வாந்தியெடுத்தார். அந்தச் சாற்றைத் தொடாத தம் சக பணியாளருக்கும் அதே நோய் கண்டது என்பதால், காரணம் தொற்றுக்காய்ச்சல்தான் என அவருக்குத் தெரிந்தது. அப்படியும் அச்சாற்றை அவரால் உண்ண முடியாமற்போயிற்று. உளவியல் கற்பிக்கும் பேராசிரியருக்கே அந்த நிலை என்றால், சின்னமனூரிலிருந்து வரும் ஒரு விவசாயத் தாயிடம் "மனசைத் திடப்படுத்திச் சாப்பிடுங்கள்" என்று சொல்வதில் என்ன பொருள் இருக்கிறது?

எலியில் கண்டது மனிதருக்கும் பொருந்துமா என்ற கேள்விக்கு 1978இல் விடை கிடைத்தது. சியாட்டில் நகரில் ஐலீன் பெர்ன்ஸ்டைன் என்னும் ஆய்வாளர், புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் சிறுவர்களுக்குக் கீமோவுக்குச் சற்றுமுன் புதுமையான சுவை கொண்ட ஐஸ்கிரீமைக் கொடுத்தார். சில வாரங்கள் கழித்து, அதை உண்கிறீர்களா, வேறு விளையாட்டு விளையாடுகிறீர்களா என்று அவர்களிடமே கேட்டார். மருந்துக்குமுன் ஐஸ்கிரீம் உண்டவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரே அதை மீண்டும் விரும்பினர். அவ்வாறு உண்ணாத, அல்லது குமட்டல் தரும் மருந்து பெறாத சிறுவர்களிலோ மூன்றில் இருவர் விரும்பினர். குமட்டல் மருந்தால் வந்தது என்பதைப் புரிந்துகொள்ளும் வயதுள்ள பிள்ளைகளும் அந்த ஐஸ்கிரீமை ஒதுக்கினர்.

இதிலிருந்து நம் தூக்குச்சட்டிக்கு வருவோம். எல்லா உணவும் ஒரே அளவில் இந்த வெறுப்புக்கு ஆட்படுவதில்லை. ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் உண்டு, ஒரு தீங்கும் காணாத உணவை மூளை எளிதில் சந்தேகிக்காது. இட்லிக்கும் மோர்ச்சோற்றுக்கும் அத்தகைய நற்பெயர் உண்டு. எப்போதாவது உண்ணும் உணவும், முதன்முறையாக உண்ணும் உணவுமே முதலில் பழி சுமக்கின்றன. இறைச்சி, முட்டை போன்ற புரத உணவுகளும் வாசனை மிகுந்தவையும் அவ்வாறே. திருவிழாவுக்கும் விருந்தாளிக்கும் மட்டும் சமைக்கும் நாட்டுக்கோழிக் குழம்பு இந்த எல்லாப் பட்டியலிலும் இடம்பெறுகிறது என்பதைக் கவனியுங்கள்.

இன்னொன்றும் உண்டு. சிகிச்சை தொடங்கிய செய்தி கேட்டவுடன் உறவினர் யாரேனும் விலையுயர்ந்த புரதமாவு டப்பா ஒன்றை வாங்கி வருவர். அது பெரும்பாலும் கீமோ நாளன்றே பிரிக்கப்படும். இதுவரை நாக்கு அறியாத சுவை; அதே நாள் குமட்டல். அடுத்த வாரமே அந்த டப்பா அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விடும். பணம் வீணானதைவிட, நோயாளிக்குத் தேவையான புரதம் கிடைக்கும் ஒரு வழி அடைபட்டதே பெரிய இழப்பு. புதிய மாவோ, புதிய கஞ்சியோ தொடங்குவதானால் மருந்தேறிய நாளுக்கும் அதையடுத்த சில நாள்களுக்கும் அப்பால், குமட்டல் முற்றிலும் அடங்கி உடல் தெளிந்திருக்கும் நாளில் தொடங்குங்கள்.

மருந்து நாளில் வேறென்ன கொடுப்பது? வழக்கமான, எளிய, வாசனை குறைந்த உணவைக் குறைந்த அளவில், மருந்தேற்றத் தொடங்குவதற்குச் சற்று முன்னதாகவே கொடுத்து முடியுங்கள். அதன்பின் நோயாளிக்கு எவ்வகையிலும் முக்கியமில்லாத ஒரு மிட்டாயை வாயில் அடக்கிக்கொள்ளச் சொல்லலாம். இது வேடிக்கையான யோசனையாகத் தோன்றலாம். பெர்ன்ஸ்டைனும் அவருடைய சக ஆய்வாளரும் 1987இல் இதைச் சோதித்தனர். உணவுக்கும் மருந்துக்கும் இடையே வழக்கமில்லாத சுவையுடைய மிட்டாயை உண்ட சிறுவர்களிடம், முன்னர் உண்ட உணவின்மீது எழும் வெறுப்பு குறைந்தது. பழியை மிட்டாய் ஏற்றுக்கொண்டது. ஊருக்குப் பலியிடும் ஆட்டைப்போல என்று ஒரு செவிலியர் சொன்னார், பொருத்தமான உவமைதான். சர்க்கரை நோய் உள்ளவர்களும், வாய்ப்புண் உள்ளவர்களும் கேட்டுக்கொண்டு செய்யவும்.

ஏற்கெனவே வெறுப்பு வந்துவிட்ட உணவைக் கட்டாயப்படுத்தி ஊட்டாதீர்கள். குமட்டலோடு விழுங்கும் ஒவ்வொரு கவளமும் அந்த முடிச்சை மேலும் இறுக்கும். சிகிச்சை முடிந்து உடல் தேறிய பிறகு, சிறிய அளவில், வேறு பக்குவத்தில், நோயாளி தாமே விரும்பும்போது கொடுத்துப் பாருங்கள். பலமுறை தீங்கின்றி உண்ட அனுபவம் பழைய பாடத்தின்மேல் புதிய பாடமாகப் படியும். பெரும்பாலான வெறுப்புகள் இவ்வாறு தேய்ந்து போகின்றன, சில மட்டும் ஆண்டுக்கணக்கில் நிற்கின்றன. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததை நாமெல்லாம் பெருமையாகப் பேசுகிறோம். ஆண்டு முழுவதும் அறுவடையாகும் அந்தப் பழத்தைச் சிகிச்சைக்குப் பிறகு தின்ன நாள்கள் இருக்கின்றன. மருந்து நாளில் அதைப் பணயம் வைக்க வேண்டியதில்லை. வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நாள்களில் பச்சையாக உண்ணும் எந்தப் பழத்தையும் மருத்துவரிடம் கேட்ட பின்னரே கொடுக்க வேண்டும் என்பது தனிச் செய்தி.

பசியின்மை எல்லாவற்றையும் இந்தக் கணக்கிலேயே எழுதிவிடக் கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். வாய்ப்புண், மலச்சிக்கல், தொற்று, நோயின் வளர்ச்சி, மருந்து சுவை அரும்புகளையே பாதித்தல் ஆகியனவும் உணவைத் தடுக்கும். ஒரு குறிப்பிட்ட உணவை மட்டும் ஒதுக்குகிறாரா, எல்லாவற்றையுமே ஒதுக்குகிறாரா என்பதைக் கவனித்து வந்து சொன்னால் எங்களுக்குப் பேருதவியாக இருக்கும். தண்ணீர்கூட வயிற்றில் தங்காவிட்டாலோ, காய்ச்சல் கண்டாலோ அடுத்த வருகைவரை காத்திருக்கலாகாது.

உணவைத் தொட்ட கற்றல் இடத்தையும் தொடுவதுண்டு. மருந்து இன்னும் ஏறவே இல்லை. பேருந்து மருத்துவமனை நிறுத்தத்தை நெருங்கும்போதே சிலருக்கு வாந்தி வருகிறது. ஸ்பிரிட் வாசனை, சிவப்பு நிறத் திரவம், டிரிப்ஸ் மாட்டும் கம்பி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று போதும். இதை மருத்துவத்தில் எதிர்பார்ப்புக் குமட்டல் என்கிறோம். முன்சுற்றுகளில் வாந்தி எவ்வளவு கடுமையாக இருந்ததோ அவ்வளவுக்கு இது வேரூன்றும். ஆதலால் முதல் சுற்றிலேயே வாந்தியைத் தடுப்பதுதான் தலையாய மருத்துவம். சிஸ்பிளாட்டின் போன்ற மருந்துகள் தடுப்பு மருந்தின்றிக் கொடுக்கப்பட்டால் ஏறத்தாழ எல்லோருக்கும் வாந்தி உண்டாக்கும். இன்று ஆன்டான்செட்ரான், டெக்சாமெத்தசோன், அப்ரெபிடன்ட், ஒலான்சபின் ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுத்து அதைப் பெருமளவு தடுக்க முடிகிறது. இவற்றில் ஒலான்சபின் பெயரைக் கைப்பேசியில் தேடிப் பார்க்கும் பிள்ளைகள், "இது மனநோய் மாத்திரையாயிற்றே, அம்மாவுக்கு ஏன் கொடுத்தார்கள்?" என்று அதை நிறுத்திவிடுகின்றனர். அது வாந்தியைத் தடுப்பதிலும் வல்லது. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையினர் நடத்தி 2024இல் வெளியிட்ட ஆய்வில், 2.5 மில்லிகிராம் அளவே 10 மில்லிகிராமுக்கு ஈடாக வாந்தியைத் தடுத்ததும், தூக்கக் கலக்கம் குறைந்ததும் தெரியவந்தன. "வாந்தி இல்லையே, மாத்திரை எதற்கு?" என்று இரண்டாம் நாளே நிறுத்துவோருக்கும் இதே வேண்டுகோள்: மாத்திரை வேலை செய்வதால்தான் வாந்தி இல்லை. எதிர்பார்ப்புக் குமட்டல் வந்தே விட்டாலும் வழியுண்டு. உடலைத் தளர்த்தி, அஞ்சும் காட்சியைப் படிப்படியாக மனத்தில் கொண்டுவந்து பழகும் முறை பயனளிப்பதை 1982ஆம் ஆண்டிலேயே நிறுவியிருக்கின்றனர். வெட்கப்பட்டு மறைக்காமல் சொன்னால் உளவியல் ஆலோசகரிடம் அனுப்புவோம்.

அச்சம் கற்கப்படும் விதமும் இதற்கு அண்டை வீடு. சூடுகண்ட பூனை அடுப்பங்கரையை அணுகாது என்பது நம் முன்னோர் கண்டறிந்த நரம்பியல். 1911இல் ஜெனீவாவைச் சேர்ந்த கிளாபரேட் என்னும் மருத்துவர், புதிய நினைவு எதுவும் நிலைக்காத ஒரு பெண்மணியிடம் கைகுலுக்கும்போது விரலிடுக்கில் ஊசியை மறைத்துக் குத்தினார். அவர் யார் என்பதே அடுத்த சந்திப்பில் அப்பெண்மணிக்கு நினைவில்லை. ஆயினும் கையை நீட்ட மறுத்துவிட்டார். நிகழ்ச்சியை நினைவுகூர்வது ஹிப்போகாம்பஸின் வேலை. அஞ்சுவதோ அமிக்டலாவின் வேலை. ஒன்று பழுதானாலும் மற்றொன்று இயங்கும். (அத்தகைய சோதனையை இன்று எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காது, நல்லதுதான்.)

இவ்விடத்தில் பெற்றோர்க்கு ஒரு சொல். "சேட்டை செய்தால் டாக்டரிடம் சொல்லி ஊசி போடச் சொல்வேன்" என்று பிள்ளையை மிரட்டுவது நம் ஊரில் சிரிப்புக்குரிய பேச்சாக இருக்கிறது. அந்தப் பிள்ளைக்கு என்றேனும் வெறிநாய்க்கடிக்குத் தடுப்பூசித் தவணைகள் தேவைப்படும் நாளில், அந்த மிரட்டலின் விலை தெரியும். "வலிக்கவே வலிக்காது" என்னும் பொய்யும் அதே கேடுதான். "எறும்பு கடித்தாற்போல் இருக்கும், பத்து எண்ணுவதற்குள் முடிந்துவிடும்" என்று உள்ளதைச் சொல்லுங்கள். 1924இல் மேரி கவர் ஜோன்ஸ் என்பவர் முயலைக் கண்டு அலறிய பீட்டர் என்னும் சிறுவனுக்குப் பிடித்த தின்பண்டத்தைக் கொடுத்துக்கொண்டே, முயற்கூண்டைச் சிறிது சிறிதாக அருகே கொண்டுவந்து அச்சத்தைப் போக்கினார். இன்றுவரை அச்சத்துக்கான மருத்துவத்தின் அடிப்படை அதுவே.

பேரச்சம் வேறு வகை. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் மலையேற்றக் குழுவினர் காட்டுத்தீயில் சிக்கியதை இம்மாவட்டம் மறக்கவில்லை. 2023 மே மாதம் அரிக்கொம்பன் யானை கம்பம் தெருக்களில் ஓடியதையும் பலர் நேரில் கண்டோம். இத்தகைய நிகழ்ச்சிகளில் தப்பியவர், "முதல் வாரம் நன்றாகத்தானே இருந்தார், இப்போது இரவில் அலறுகிறாரே" என்று குடும்பத்தார் குழம்புவதுண்டு. நடிப்பு என்றும் காத்துக்கருப்பு என்றும் பேசுவர். பெங்களூரில் சுமந்திர சட்டர்ஜியும் அவருடைய குழுவினரும் எலிகளில் செய்த ஆய்வு இங்கே எண்ணத்தக்கது. இரண்டு மணி நேரம் அசையவிடாமல் ஒரே ஒருமுறை அடக்கிவைக்கப்பட்ட எலியின் அமிக்டலாவில் மறுநாள் மாற்றம் தெரியவில்லை. பத்து நாள் கழித்துப் பார்த்தால் நரம்பணு இணைப்புகளின் முளைகள் பெருகியிருந்தன, எலியின் பதற்றமும் கூடியிருந்தது. நீடித்த அழுத்தம் ஹிப்போகாம்பஸின் நரம்பணுக் கிளைகளைச் சுருக்கும்போதே அமிக்டலாவின் கிளைகளை வளர்க்கிறது என்பதையும் அவர்கள் 2002இல் காட்டினர். எலிக்கும் மனிதர்க்கும் இடையே தொலைவு உண்டு. ஆனால் தாமதமாக வரும் அச்சம் பொய்யன்று என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. அவரை மந்திரிக்க அழைத்துச் செல்லுமுன் மனநல மருத்துவரிடம் அழைத்து வாருங்கள்.

கடைசியாக, இதே அறிவைத் தவறாகக் கையாளும் ஒரு வழக்கத்தைப் பற்றி. குடிப்பவருக்குக் குடியின்மேல் வெறுப்பு வரவேண்டும் என்று டைசல்ஃபிரம் மாத்திரையைப் பொடித்து, அவருக்குத் தெரியாமல் சாம்பாரிலோ தோசை மாவிலோ கலக்கும் வீடுகள் உள்ளன. "சொல்லாமல் கொடுக்கும் மருந்து" என்றே அதற்குப் பெயர் வழங்குகிறது. அதைச் செய்யும் மனைவியரின் துயரத்தை நான் அறிவேன். அடியும் கடனும் தாங்காமல் செய்கின்றனர். ஆயினும் இது கூடாது. 1948இல் டென்மார்க் மருத்துவர்கள் வெளிப்படுத்திய இம்மருந்து, மது உடைந்து உருவாகும் அசிட்டால்டிஹைடு என்னும் நச்சை உடலில் தேங்கச் செய்கிறது. முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வந்து, இரத்த அழுத்தம் சரியும்; இதய நோயுள்ளவருக்கு உயிரே போகலாம். நோயாளிக்கு விவரம் தெரிந்து, குடியை நிறுத்திக் குறைந்தது 12 மணி நேரம் கடந்து, இதயமும் கல்லீரலும் சோதிக்கப்பட்ட பின்னரே இதைத் தொடங்குவர். குடித்தால் என்னவாகும் என்று தெரிந்திருப்பதுதான் அந்த மாத்திரையின் பாதி ஆற்றல். தெரியாதவருக்கு அந்தப் பாதி இல்லை. மேலும், ஒளித்துக் கலந்த மருந்தால் வாந்தியெடுப்பவரின் மூளை எதை வெறுக்கும் என்பதும் நம் கையில் இல்லை. நாள்தோறும் பழகிய மதுவை விட்டுவிட்டு, அன்றைய மீன்குழம்பின்மேலேயே பழியைப் போடக்கூடும்.

ஏற்கெனவே அவ்வாறு கொடுத்துக்கொண்டிருப்பீர்களாயின் இன்றே நிறுத்திவிட்டு, எங்களிடம் தனியே வந்து சொல்லுங்கள். நிறுத்திய பின்னும் இரண்டு வாரம்வரை அதன் விளைவு உடலில் நீடிக்கும். அதற்குள் அவர் குடித்து மயங்கிவிட்டால், அவசரப் பிரிவுக்குக் கொண்டுவந்ததும் முதலில் அந்த மாத்திரையின் பெயரைச் சொல்லுங்கள். உறையிருந்தால் அதையும் கையோடு எடுத்து வாருங்கள்.